எட்வர்ட் லியர் வழியில் ஓர் இடத்தை வரைந்துகொண்டு வருவது எப்படி

வெளியூர் போன இடத்தில் ஒரு மலையையோ கோட்டையையோ பார்த்து வரைய உட்கார்ந்தால் முக்கால்வாசிப் பேருக்கு நடப்பது ஒன்றுதான். அரை மணியில் வெயில் நகர்ந்துவிடும், நிழல் வேறு பக்கம் போய்விடும், பெட்டியில் இருக்கும் எந்தப் பச்சையும் எதிரில் இருக்கும் பச்சைக்கு ஒத்துவராது, கடைசியில் பாதி வண்ணம் பூசிய தாளைப் பைக்குள் திணித்துவிட்டு ஃபோனில் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அதையே விடாமல் செய்தார். வழி ரொம்ப எளிமை: அந்த இடத்தில் உட்கார்ந்து படத்தை முடிக்கப் பார்க்காதே, பிறகு படம் போடத் தேவையான விவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா.

லியர் என்றதும் ஆங்கிலம் படித்தவர்களுக்கு நினைவு வருவது அவருடைய கிறுக்குத்தனமான ஐந்துவரிப் பாட்டுகள்தான். ஆனால் அவர் சோறு தின்றது ஓவியத்தில். 1812இல் லண்டனில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பாவுக்குப் பணக் கஷ்டம் வந்ததும் 21 வயது மூத்த அக்கா ஆன்தான் தம்பியை வளர்த்தார். சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். அதை ஊருக்குத் தெரியாமல் கடைசிவரை மறைத்தார், டைரியில் மட்டும் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். போதாததற்கு ஆஸ்துமா, கண் பார்வையும் மோசம். பதினைந்து பதினாறு வயதிலேயே வரைந்து சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார், 1830க்கும் 1832க்கும் நடுவில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து, அச்சுக்கல்லில் ஏற்றி, 42 படங்களை வெளியிட்டார். செத்துப் பஞ்சு அடைத்த பறவையைப் பார்த்து வரைவதுதான் அப்போது வழக்கம். அசையும் கிளி முன்னால் உட்கார்ந்து பழகிய கை, பிற்பாடு நகரும் நிழலுக்கும் பழகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும்.

டெர்பி பிரபுவின் பண உதவியில் 1837இல் ரோமுக்குப் போனார். பொடி இறகு வரைந்து கெட்ட கண்ணுக்கும் லண்டன் குளிர் தாங்காத நெஞ்சுக்கும் அதுதான் மருந்து. அதற்குப் பிறகு இங்கிலாந்து அவருக்கு வந்துபோகும் ஊர்தான். இத்தாலி, கிரீஸ், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம், கோர்சிகா என்று சுற்றி, கடைசியில் இத்தாலியக் கடற்கரையில் சான் ரெமோவில் வீடு கட்டிக்கொண்டு, 1888இல் அங்கேயே இறந்தார். 1846இல் விக்டோரியா மகாராணிக்கே வரையச் சொல்லிக்கொடுத்தவர், நாலு வருஷம் கழித்து, 37 வயதில், ராயல் அகாடமி பள்ளியில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். மனித உருவம் தனக்குச் சரியாக வரவில்லை என்ற குறை அவருக்கு. அது கடைசிவரை வரவும் இல்லை, அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவும் இல்லை.

சரி, முறைக்கு வருவோம்.

எடுத்துப் போக வேண்டியவை

ஒரு 2பி பென்சில், கொஞ்சம் தடிமனான தாள், கிளிப் வைத்த அட்டை, கைக்கடிகாரம். அவ்வளவுதான். வண்ணப் பெட்டியைத் தங்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள், கையில் இருந்தால் சும்மா இருக்க மாட்டோம். ரப்பரும் வேண்டாம். கோடு தப்பினால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், எது சரி என்று சாயங்காலம் தீர்மானித்துக்கொள்ளலாம். சின்னதாக ஒரு தொலைநோக்கி கிடைத்தால் நல்லது. லியரிடம் ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் குழல் ஒன்று எப்போதும் இருந்தது.

உட்காரும் இடம் முக்கியம். முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்னால் கூட்டம் சேரும். லியருக்கு இதில் பெரிய அனுபவம். 1848இல் அல்பேனியாப் பக்கம் போனபோது, ஓர் ஊரில் அவர் வரைவதைப் பார்த்து, சைத்தான் எழுதுகிறான் என்று கத்தினார்கள். இன்னொரு ஊரில் கல்லெறியே வாங்கினார். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி, தன் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த ஊர்க்காரர்கள் போடும் துருக்கிக் குல்லாயை வாங்கி மாட்டிக்கொண்டது. தலையில் அது இருந்தால் போதும், உடம்பில் வேறு எதைப் போட்டிருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை என்று எழுதியிருக்கிறார். நமக்கு அந்த அளவுக்கு ஆபத்து வராது, கண்ணைப் பறிக்கும் சட்டையைத் தவிர்த்தாலே போதும்.

முதலில் பார்ப்பது

சான் ரெமோவில் லியருக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஹியூபர்ட் காங்ரீவ். கூடவே மலையேறி வரையப் போவான். பெரியவனான பிறகு அவர் எழுதிவைத்த குறிப்புதான் லியர் வேலை செய்த விதத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. நல்ல இடம் வந்ததும் லியர் உட்காருவார், வேலைக்காரர் ஜியார்ஜியோவிடமிருந்து தாள் கட்டை வாங்கிக்கொள்வார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், குழலைக் கண்ணில் வைத்துச் சில நிமிஷம் அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு குழலைக் கீழே வைத்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மலைத்தொடர், ஊர்கள், முன்பக்கம் என்று மளமளவென்று தாளில் இறக்கிவிடுவார். அந்த வேகத்தையும் துல்லியத்தையும் பார்த்துத் தனக்கு வாயடைத்துப் போகும் என்கிறார் காங்ரீவ்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பார்க்கும்போது கையில் பென்சில் இல்லை. நாம் பார்ப்பதையும் போடுவதையும் ஒன்றாகச் செய்கிறோம், அதனால் இரண்டுமே அரைகுறை. ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, இருட்டிலேயே பெரிய இருட்டு எங்கே, கண்ணில் படும் மிக நீளமான கோடு எது, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு பென்சிலை எடுங்கள். இரண்டாவது, அவர் போட்ட வரிசை: தூரத்து மலை, நடுவில் ஊர், கடைசியில் காலடி. நம்மில் பெரும்பாலோர் பக்கத்திலிருக்கும் மரத்தின் இலையில் தொடங்கி, மலைக்குப் போவதற்குள் தாளும் தீர்ந்து பொறுமையும் தீர்ந்துவிடுகிறது. மலை விளிம்பை இடமிருந்து வலம் ஒரே கோடாக, எங்கெல்லாம் உடைகிறதோ அங்கெல்லாம் சின்னதாக நிறுத்தி நிறுத்திப் போடுங்கள். அந்தக் கோடு சரியாக வந்துவிட்டால் மிச்சமெல்லாம் அதற்குக் கீழே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கத்துப் புல் பூண்டுக்கு நாலு கீறல் போதும்.

எழுதுவது

லியரின் முறையில் உயிர்நாடி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவருடைய களத் தாள் எதை எடுத்துப் பார்த்தாலும் படத்தின் மேலேயே எழுத்து கிடக்கும். பாறைமேல் அது என்ன நிறம் என்று, வயலில் என்ன பயிர் என்று, தண்ணீரில் எந்தப் பக்கம் பளபளப்பு என்று, நடுநடுவே ஆட்டைப் பற்றியோ பூவைப் பற்றியோ ஒரு குதூகலம், எல்லாம் தனக்கென்று வைத்துக்கொண்ட கோணல் எழுத்துக்கூட்டலில். ஓர் ஓரத்தில் ஊர்ப் பெயர், தேதி, மணி, வரிசை எண். 1867இல் நைல் நதியில் படகில் போனபோது போட்ட தாள்களைப் பார்த்தால், சில நிமிஷ இடைவெளியில் அடுத்தடுத்த தாள், ஒவ்வொன்றிலும் மணி குறித்திருக்கும். கரை நகர்ந்துகொண்டே இருக்கிறது, மனிதர் விடுவதாக இல்லை.

நிறத்தை வார்த்தையில் எழுதுவது எப்படி என்பதுதான் கஷ்டம். "பச்சை" என்று எழுதினால் ராத்திரி அது ஒன்றுக்கும் உதவாது. இதற்கு லியரைவிட ஜியார்ஜியோ நல்ல வாத்தியார். 1856 முதல் 1883இல் சாகும்வரை லியரிடம் இருந்தவர், சமையலும் அவர்தான். 1858இல் இருவரும் பெட்ராவுக்குப் போனார்கள், இன்றைய ஜோர்டானில் பாறையைக் குடைந்து கட்டிய அந்தப் பழைய நகரம். அங்கே வரிவரியாகச் சிவப்பும் பழுப்பும் மஞ்சளும் ஓடும் பாறையைப் பார்த்துவிட்டு ஜியார்ஜியோ சொன்னாராம்: ஐயா, எல்லாமே சாக்லேட்டாலும் பன்றித் தொடைக்கறியாலும் கறிமசாலாப் பொடியாலும் சால்மன் மீனாலும் செய்த உலகத்துக்கு வந்துவிட்டோம். எந்த வண்ணக்காரனும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. நான்கு நிறம், நான்கும் வேறுவேறு, நான்கையும் எந்த ஊரில் எந்த ராத்திரியில் கேட்டாலும் சமையல்காரனுக்குக் கண்முன் நிற்கும். (அங்கே அதிக நேரம் வரைய முடியவில்லை என்பது வேறு கதை. சுற்றுவட்டாரத்து ஆட்கள் பணம் கேட்டு மொய்த்து, சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் உருவிக்கொண்டு விட்டார்கள்.)

ஆகவே உங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரைப் போடுங்கள். "பாறை: வறுத்த மல்லி, நிழலில் கத்தரிக்காய்த் தோல்." "வயல்: பிஞ்சு வாழையிலை." "வானம் அடியில்: தண்ணி மோர்." யாருக்கும் காட்டப்போவதில்லை, சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. இதோடு ஒப்பீடும் எழுதுங்கள், அதுதான் பிறகு காப்பாற்றும்: "மலை வானத்தைவிட ஒரு சுற்றுதான் அடர்த்தி", "கோபுர நிழலும் மரநிழலும் ஒரே இருட்டு", "தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட வெளிச்சம்". ஃபோன் படம் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடும். நிழலைக் கறுப்பாக்கி, வானத்தை வெளுத்து, தூரத்து மலையைக் கால்வாசி உயரத்துக்குச் சுருக்கிக் கொடுக்கும். வடிவத்தைச் சரிபார்க்க ஃபோனை வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துக்கு உங்கள் கையெழுத்தை நம்புங்கள்.

தேதியும் மணியும் வரிசை எண்ணும் கட்டாயம். மணி தெரிந்தால் வெளிச்சத்தின் கோணம் தெரியும், எண் தெரிந்தால் இதற்கு முந்தைய தாள் எது, பிந்தையது எது என்று பிடிபடும். லியர் ஒரு பயணத்துக்கு ஒன்றிலிருந்து தொடங்கி எண் போட்டுக்கொண்டே போவார்.

ஒரு தாளுக்கு இருபது நிமிஷம் முதல் அரை மணி. அதற்குமேல் ஆசை வந்தால் அதே இடத்தில் அடுத்த தாளை எடுங்கள், முதல் தாளைத் தொடாதீர்கள்.

சாயங்காலமும் அதற்குப் பிறகும்

பென்சில் கோடு பையில் உரசி அழியும். லியர் பென்சில் கோட்டின் மேலேயே பழுப்பு மையில் மறுபடி வரைவார், குறிப்பு எழுத்தையும் சேர்த்து. உடனே செய்ய முடிந்தால் நல்லது, அவர் மாதக்கணக்கில் கழித்தும் செய்திருக்கிறார். இந்த இரண்டாவது கோட்டில்தான் தேர்வு நடக்கிறது, அதனால் பென்சிலில் இருக்கும் எல்லாவற்றையும் மையாக்க வேண்டியதில்லை. மலை விளிம்பு, கட்டடத்தின் மூலை, கிளை பிரியும் இடம், இவற்றுக்கு மை, மற்றது பென்சிலாகவே கிடக்கட்டும். தண்ணீர் பட்டால் கரையாத மை என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண பேனா மை என்றால் மேலே வண்ணம் பூசும்போது எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மை காய்ந்ததும் வாட்டர்கலர், ரொம்பத் தண்ணியாக. தூரத்திலிருந்து காலடிக்கு வாருங்கள்: மலைக்கு ஊதா கலந்த நீலம், நடுவில் மஞ்சள் மண்ணின் நிறம், முன்னால் மட்டும் கொஞ்சம் கெட்டியான பச்சை. ஐந்தாறு வண்ணத்துக்கு மேல் தேவைப்படாது. வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுங்கள். எழுத்தின் மேல் வண்ணம் போகட்டும், எழுத்து தெரிந்தால் தெரியட்டும். லியர் இந்தத் தாள்களை விற்பதற்காகப் போடவில்லை, இது அவருடைய சேமிப்பு. வேடிக்கை என்னவென்றால் அவர் விற்பதற்காக மெனக்கெட்டுப் போட்ட பெரிய படங்களைவிட, அந்த எழுத்துக் கிறுக்கலோடு கிடக்கும் தாள்களைத்தான் இன்றைக்குப் பலரும் ரசிக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

தாளிலிருந்து பெரிய படம்

இங்கே அவருடைய வழியைப் பாதி எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிடலாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது அமைப்பு. 1873இல் வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் லியர் இந்தியா வந்தார் (முந்தைய வருஷம் சூயஸ் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்). 1874 ஜனவரியில் டார்ஜிலிங் குளிரில் கஞ்சன்ஜங்காவை வரைந்தார். ஊருக்குப் போய் அதைப் பெரிய ஆயில் பெயின்டிங்காக ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்றைப் பாருங்கள்: முன்னால் இருட்டான காடு, பெரிய பெரணி, ஓரத்தில் உயர்ந்த மரம், மரத்தடியில் ஒரு சின்ன வழிபாட்டு இடமும் விரல் நக அளவுக்கு மனிதர்களும். அதற்கு அப்புறம் தரை சடாரென்று பள்ளத்தாக்கில் இறங்கி, பனிமூட்டத்தில் காணாமல் போய், அந்த மூட்டத்துக்கு மேலே, நாம் எதிர்பார்க்கும் உயரத்துக்கும் மேலே, மலை. இந்த மலை மனசுக்கு ஒட்டுகிற மலையாக இல்லை, ரொம்பத் தள்ளி, தெய்வம் மாதிரி நிற்கிறது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது அந்தக் குட்டி மனிதர்கள்தான். பெரியதைப் பெரியதாகக் காட்ட, பக்கத்தில் ரொம்பச் சின்னதாக ஒன்றை வையுங்கள், நடுவில் இருப்பதைக் கொஞ்சம் மறையுங்கள். ஓரத்தில் மரம், நடுவில் வளைந்து போகும் இடம், தூரத்தில் வெளுத்த மலை என்ற கட்டு அவர் கண்டுபிடித்ததல்ல, 17ஆம் நூற்றாண்டின் கிளாட் லொரைனிடமிருந்து வருவது. கிரீஸின் கோர்ஃபுத் தீவில் ஒலிவ மரங்களுக்கு நடுவே கோட்டையையும் கடலையும் லியர் இந்தக் கட்டில்தான் மறுபடி மறுபடி போட்டார்.

இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். 1852இல் ஹோல்மன் ஹன்ட் என்ற, தன்னைவிட 15 வயது இளைய ஓவியரிடம் லியர் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொண்டார், அவரை "அப்பா" என்றே கூப்பிட்டார். வெறும் குறிப்பை வைத்து வீட்டுக்குள் உட்கார்ந்து பெரிய படம் போட முடியாது, அதே மாதிரிப் பொருளை இங்கேயே தேடிப் பிடித்து அதைப் பார்த்துப் போடு என்பது ஹன்டின் பாடம். அப்படித்தான் சிசிலியின் சைரக்யூஸ் பாறைக்கு இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் பக்கத்துப் பாறை உதவியது. லெபனானில் பார்த்த தேவதாரு மரங்களைப் பெரிய படமாகப் போட, சர்ரே பகுதியில் தோட்டத்தில் தேவதாரு நின்ற ஒரு ஹோட்டலில் போய்த் தங்கினார். நீங்கள் போட்ட தாளில் ஆலமரம் சரியாக வரவில்லையா, உங்கள் தெரு ஆலமரத்தைப் பாருங்கள். அந்தத் தேவதாருப் படத்துக்கு 700 கினி (அன்றைய ஆங்கிலப் பணக் கணக்கு) விலை சொன்னார். வருஷக்கணக்கில் போகாமல் கிடந்து, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக விற்றது. அதை மனதில் வைத்துக்கொண்டு அளவைத் தீர்மானியுங்கள்.

விட்டுவிட வேண்டியது, அவர் தொழிற்சாலை மாதிரி படம் போட்ட முறை. 1860களின் தொடக்கத்தில், செலவுக்குப் பணம் வேண்டி, 60 தாளில் வரிசையாகப் பென்சில் கோடு போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு நிறம், அப்புறம் எல்லாவற்றுக்கும் அடுத்த நிறம் என்று பூசிக்கொண்டே போனார். அவரே அவற்றுக்குக் "கொடுங்கோலர்கள்" என்று பெயர் வைத்தார். ஒன்று காயும்வரை இன்னொன்றைப் பூசலாம் என்ற அளவுக்கு இரண்டு மூன்று தாளை ஒன்றாக வைத்துக்கொள்வது வசதி. அதற்குமேல் போனால் எல்லா மலையும் ஒரே மலையாகிவிடும், அவருக்கும் அப்படித்தான் ஆயிற்று.

எங்கே பார்த்துப் பழகலாம்

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் லியரின் தாள்கள் 3,500க்கும் மேல் இருக்கின்றன, 1858 முதல் 1887 வரையிலான டைரிகளும் அங்கேதான். இந்தியப் பயணத் தாள்களில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது, பலவற்றை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். 1874இல் அவர் நம் பக்கமும் வந்தார்: சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர், குன்னூர், ஊட்டி, அப்புறம் இலங்கை. மாமல்லபுரத்தையோ திருச்சி மலைக்கோட்டையையோ நேரில் பார்த்தவர்கள் அந்த ஊர்த் தாளை எடுத்துக்கொண்டால் பழகச் சுலபம். முதலில் படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படியுங்கள், கோணல் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் படுத்தும், பழகிவிடும். படித்ததை வைத்து ஒரு சின்னத் தாளில் நீங்களே வண்ணம் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் பூசியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தெந்தக் குறிப்பு உங்களுக்கு உதவியது, எது இல்லாமல் தடுமாறினீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதை அட்டையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு போங்கள்.